கல்லில் ஒரு பெயர், காட்டில் ஒரு பெயர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும்படிதான் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் என்னைவிட நன்றாகவே பேசிவிட்டுப் போகிறார். ஆகவே வேறொன்று பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். ஜப்பான் சண்டையில் மாண்டுபோன நம் வீட்டு ஆள் ஒருவரின் பெயர் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா, இருந்தால் அதை எப்படித் தேடுவது என்பதே என் பேச்சு. நல்ல நாளில் செத்தவங்க கதையா என்று சில தாய்மார்கள் நினைக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட நமக்கு நாளில்லை.

என் பாட்டிக்கு அந்தச் சண்டையில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் அவருடைய அண்ணன். ராமநாதபுரம் சீமையில் பட்டாளத்தில் சேர்ந்து, மதராஸ் சேப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையோடு 1941-இல் மலாயாவுக்கு வந்தவர். பாலம் கட்டுவதும், தேவைப்பட்டால் அதே பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பதும் அந்தப் படையின் வேலை. ஒரே ஒரு நாள் தோட்டத்துக்கு வந்து தங்கையைப் பார்த்துவிட்டுப் போனாராம். இன்னொருவர் என் தாத்தா, பால்மரம் வெட்டியவர். 1943-இல் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். இருவரும் திரும்பவில்லை. இருவருக்கும் சாவுச் செய்தி என்று ஒரு கடிதாசி வரவில்லை.

கடிதாசி வராததால் என்ன நடந்தது தெரியுமா? பாட்டி தாலியைக் கழற்றவில்லை. "வந்துட்டா என்னடி பண்றது?" என்பாராம். நெற்றியில் பொட்டோடுதான் 1988-இல் கண்ணை மூடினார். செத்த நாள் தெரிந்தால்தானே திதி கொடுக்க முடியும்? அது தெரியாததால் ஆண்டுதோறும் புரட்டாசி மகாளய அமாவாசையன்று இருவருக்கும் சேர்த்து இலை போடுவார். "எந்தப் பேரைச் சொல்லிப் படைக்கிறே?" என்று நான் கேட்டால், "எல்லாரையும்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற பழக்கம் வேறு!

பாட்டி போன பிறகு பல ஆண்டுகள் கழித்து நான் தேடத் தொடங்கினேன். முதலில் அண்ணன் கதையைச் சொல்கிறேன், அது எளிது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 1917-இல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இருந்து இறந்தவர் ஒவ்வொருவரின் பெயரும் ஒரு கல்லறைக் கல்லிலோ, உடல் கிடைக்காவிட்டால் ஒரு நினைவுச் சுவரிலோ இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பதவி, இனம், மதம் பார்க்கக்கூடாது என்பதும் விதி. 17 லட்சம் பேரின் பதிவுகள் அதனிடம் உள்ளன. கைப்பேசியிலேயே அந்த ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தேடலாம், காசு கிடையாது. வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியாவிட்டால் ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். நம் பெயரை வெள்ளைக்காரக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். முத்துசாமி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். 'த்து' என்பதற்கு ஒருவன் டி.ஹெச். போடுவான், ஒருவன் இரண்டு டி போடுவான். நடுவில் யூ ஒன்றும் இருக்கும், ஓ இரண்டும் இருக்கும். கடைசியில் 'ஐ' என்றும் முடியும், 'ஒய்' என்றும் முடியும். 'சாமி' சில இடத்தில் 'ஸ்வாமி' ஆகும். அப்பா பெயர் குடும்பப் பெயராக முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் முழுப் பெயரையும் போட்டுத் தேடாதீர்கள். பெயரின் ஒரு துண்டை மட்டும் போடுங்கள். இந்திய ராணுவம், இரண்டாம் உலகப் போர், சிங்கப்பூர் அல்லது மலேசியா என்று குறுக்கிக்கொண்டே வாருங்கள். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். ராமநாதபுரம் அங்கே 'ராம்நாட்', திருநெல்வேலி 'டின்னவெல்லி', தஞ்சாவூர் 'டாஞ்சூர்', திருச்சி 'டிரிச்சினாபொலி'. இது தெரியாமல் தேடினால் நம் ஆள் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

பாட்டியின் அண்ணன் அப்படித்தான் அகப்பட்டார். பெயர், 'சேப்பர்' என்ற பதவி, படை எண், படைப்பிரிவு, இறந்த நாள் 7-1-1942. அதற்குக் கீழே ஒரு வரி: இன்னாருடைய மகன், இந்த ஊர், ராம்நாட். அந்த அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்ட பெயர்கள். வேறு யாருமாக இருக்க முடியாது. 7-1-1942 சிலிம் ரிவர் சண்டை நடந்த நாள். விடியுமுன்னே ஜப்பான்காரனின் டாங்கிகள் நெடுஞ்சாலையிலேயே புகுந்து 11-ஆவது இந்திய டிவிஷனைச் சிதறடித்தன. இன்று நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்து போகும் இடம்தான்.

பதிவின் கடைசியில் 'சிங்கப்பூர் நினைவுச் சின்னம்', தூண் எண் இத்தனை என்று இருந்தது. அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டினால் வெகு தூரமில்லை, கிராஞ்சி. குன்றின் சரிவில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் 850-க்கும் மேல் யாருடையது என்றே தெரியாதவை. உச்சியில், 1957-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம். கல்லறை கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. தங்கள் மத வழக்கப்படி எரிக்கப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்குத் தனியே ஒரு நினைவுச் சின்னம் அங்கே உண்டு, பெரும்பாலோர் இந்தியப் படையினர். போகிறவர்கள் தூண் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருக்கும். எண் இல்லாமல் போனால் வெயிலில் அலைய வேண்டும்.

அப்பா ஆங்கிலம் படித்தவரல்ல. நான் காட்டிய எழுத்துகளைப் பால்வெட்டிக் காய்த்துப்போன விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மாமா பேரு இருக்கு. அப்பா பேரு எங்கடா?"

இதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

சயாம் - பர்மா ரயில் பாதை ஏறக்குறைய 415 கிலோமீட்டர். 1942 நடுவில் வேலை தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனையும் இணைந்தன. போர்க் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது. பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், நம்மவர். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் போனார்கள், அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டிச் சிலரை, லாரியை நிறுத்தி மறித்துச் சிலரை. கூட்ஸ் வண்டியில் அடைத்துப் பான்போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவிட்டார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளிடமாவது தங்கள் டாக்டர்கள் இருந்தார்கள். நம் ஆட்களின் கூடாரத்தில் யார் இருந்தார்? ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று அதே ஆணையம் மதிப்பிடுகிறது. சரியான கணக்கு யாரிடமும் இல்லை.

இப்போது காஞ்சனபுரிக்குப் போனால் பெரிய போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக. காமன்வெல்த் படையினர் 5,000 பேருக்கு மேல், டச்சுக்காரர் 1,800 பேருக்கு மேல். அதில் என் தாத்தா இல்லை. ஏன் இல்லை?

கைதிகள் பட்டாளத்து ஆட்கள். சாகச் சாக யார், எந்த நாள், எந்த முகாம், எந்த வரிசையில் புதைத்தோம் என்று அவர்களுடைய அதிகாரிகள் எழுதினார்கள். ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் மூங்கில் குழாய்க்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒளித்து வைத்தார்கள். சண்டை முடிந்து ஒரு மாதம் கூட முழுதாக ஆகவில்லை, 1945 செப்டம்பரிலேயே ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. நம் ஆட்கள் பட்டாளமில்லை, கூலிகள். அவர்களுக்கு எண்ணும் இல்லை, எழுத ஆளும் இல்லை. ஆணையத்தின் விதி படையினருக்கும், எதிரியின் தாக்குதலில் இறந்த குடிமக்களுக்கென்று தனியே உள்ள பட்டியலுக்குமானது. காலராவில் செத்த கூலி இரண்டிலும் சேரவில்லை.

விதியும் எல்லாருக்கும் ஒன்றாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, மேலும் 1,16,000 பேரோ அதற்கு மிக அதிகமானோரோ பெயரோடு, அல்லது எவ்விதத்திலும், நினைவுகூரப்படவே இல்லை என்று ஆணையமே ஏற்படுத்திய குழு 2021-இல் அறிக்கை தந்தது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழித்து என்றாலும் கேட்டார்களே. நம் வீட்டுச் சிப்பாயின் பெயர் விடுபட்டிருந்தாலோ பிழையாக இருந்தாலோ ஆதாரம் காட்டி எழுதலாம், பரிசீலிக்கிறார்கள்.

ஐ.என்.ஏ.யில் சேர்ந்து மடிந்தவர்கள் இந்தப் பதிவில் வரமாட்டார்கள். அந்தக் கோப்புகளைப் புது டில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்க வேண்டும்.

தமிழில் ஒரு நினைவுக் கல் சயாமில் இல்லாமல் இல்லை. காஞ்சனபுரிப் பாலத்துக்குப் பக்கத்தில் 1944-இல் ஜப்பான்காரனே கட்டி வைத்த நினைவுச் சின்னத்தில் பல மொழிகளோடு தமிழும் இருக்கிறது. கொன்றவன் வைத்த கல் என்று எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஒரு பெயரும் அதில் இல்லை.

ஆக, தாத்தாவின் பெயரை அரசாங்கக் கல்லில் தேடிப் பயனில்லை. வேறு தாள்களில்தான் தேட வேண்டும். தோட்டத்துச் செக்குரோல் எங்காவது தப்பியிருந்தால் 1942-இல் இருந்த பெயர் 1944-இல் இல்லாமல் போவது தெரியும். கோயில் வரிக் கணக்கு நோட்டில் பெயர் இருக்கும். பிள்ளைகளின் சூராட்டில் அப்பன் பெயர் இருக்கும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1945, 1946-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் கோப்புகளும் தொழிலிலாகாக் கோப்புகளும் உள்ளன. அங்கே போகிறவர்கள் தோட்டத்தின் கம்பெனிப் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் எந்தக் கோப்பிலும் இராது. சிங்கப்பூரில் 1979 முதல் முதியோர் வாய்மொழியைப் பதிவு செய்து வருகிறார்கள், ஜப்பான் காலம் பற்றியும் அதில் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டில் இருக்கும் கிழவர் கிழவியின் வாய். சண்டை முடிந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. என் தாத்தாவோடு போய்த் திரும்பிய ஒருவர், நான் கைப்பந்து ஆடிக்கொண்டு திரிந்த காலத்தில் எங்கள் லயத்துக் கோடி வீட்டில்தான் இருந்தார். அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போன ஒரே செய்தி: "நீக்கி முகாம்ல வாந்தி பேதி. மறுநாள் நான் பாக்கல." இவ்வளவுதான் எங்களிடம் உள்ள பதிவு. பாட்டியின் அண்ணனுக்கு இப்போது மார்கழித் தேய்பிறையில் நாள் பார்த்துத் திதி கொடுக்கிறோம். தாத்தாவுக்கு இன்னும் மகாளய அமாவாசைதான்.

தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்று வாசல் மேசையில் இருக்கிறது. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் இருவர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர், அவருடைய அப்பா பெயர், இந்தியாவில் எந்த ஊர், இங்கே எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாரோடு போனார், யார் திரும்பி வந்து என்ன சொன்னார். தெரிந்தது அரைகுறையாக இருந்தாலும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மீதியைச் சொல்லக்கூடும். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தை இறக்கிப் பின்பக்கம் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியூரில் இருந்து இம்மலரைப் படிப்பவர்கள் பள்ளி முகவரிக்குக் கடிதம் எழுதலாம்.

முதல் பக்கத்தில் அப்பா சொல்லச் சொல்லத் தாத்தாவின் பெயரை நானே எழுதியிருக்கிறேன். பலகாரம் வாங்கப் போகிற வழியில்தான் மேசை இருக்கிறது, எல்லாரும் வாங்க.