இடர்க்காலத்தில் பிறந்த இசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இடர் சூழ்ந்த ஓராண்டில் வெளிவந்து நம் நெஞ்சில் நிலைத்துவிட்ட இசையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது, எந்நாளும் இரைச்சல் ஓயாத நம் சாலைக் கம்போளம் ஆளரவம் குன்றிக் கிடந்ததை நாம் அனைவரும் கண்டோம். வீட்டுக்குள் அடைபட்ட அந்நாள்களில் நமக்குத் துணையாய் நின்றவற்றுள் பாட்டும் ஒன்று. ஆயினும் நம் இல்லத்து முதியோர் தேடிக் கேட்டவை அவ்வாண்டின் புதுப்பாடல்கள் அல்ல. அதனினும் கொடிய வேறோர் ஆண்டில் பிறந்தவை அவை. 1944ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில், அக்டோபர் 16ஆம் நாள், வெளிவந்த 'ஹரிதாஸ்' திரைப்படத்தின் பாடல்களையே குறிப்பிடுகிறோம்.

அக்காலம் எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. பர்மாவில் பிழைத்த தமிழர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினர். வழியிலேயே மாண்டவர் பலர். பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூருக்கு அவ்வரிசி வருவது அடியோடு நின்றது. திவான் இராஜா கேசவதாசர் காலந்தொட்டுப் பண்டங்கள் வந்து குவிந்த இச்சாலையின் நகரத்திலும் அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. ஏழை எளியோரின் உலையில் அரிசிக்கு மாறாக மரச்சீனிக்கிழங்கு வெந்தது. 1943இல் வங்கத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது.

பஞ்சம் உணவோடு நிற்கவில்லை, படச்சுருளுக்கும் வந்தது. ஒரு திரைப்படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசு வரையறுத்தது. அஃதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் படம் பார்த்துப் பழகிய மக்களுக்கு இது புதிது. இந்தச் சிறிய எல்லைக்குள் அமைந்த படந்தான் 'ஹரிதாஸ்'.

மூத்தோர் பலருக்கு அக்கதை தெரியும். பெற்றோரைப் புறக்கணித்த மகன் ஒருவன், செல்வத்தையும் கால்களையும் இழந்த பின்னர் மனந்திருந்தி, அவர்தம் பணியே இறைபணி என்று உணர்கிறான். செருக்குற்ற நாளில் அவன் பாடும் 'மன்மத லீலை' சாருகேசி இராகத்தில் துள்ளுகிறது. 'கிருஷ்ணா முகுந்தா' என்னும் பாடலோ நவரோஜ் இராகத்தில் உருகி ஓடுகிறது. இரண்டையும் பாடியவர் எம். கே. தியாகராஜ பாகவதர் ஒருவரே. ஒரே குரலில் மனிதனின் வீழ்ச்சியையும் மீட்சியையும் கேட்கிறோம். இப்படத்தில் என். சி. வசந்தகோகிலமும் தம் தேன்குரலை நல்கினார். பின்னணி இசையை அமைத்தவர் ஜி. இராமநாதன்.

இப்பாடல்களை இயற்றிய பாபநாசம் சிவனுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவை இளைஞர் அறிதல் வேண்டும். தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் 1890இல் பிறந்த அவர், ஏழு வயதில் தந்தையை இழந்தார். 1899இல் தாயாருடன் உறவினரை நாடித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். இங்கேதான் மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்றார்; இங்கே வாழ்ந்த நீலகண்ட சிவனின் பாடல்களில் உள்ளம் தோய்ந்தார்; இசையின் தொடக்கப் பாடங்களையும் இங்கேயே கற்றார். 1910இல் தாயாரும் மறைந்த பிறகே இவ்வூரை விட்டு அகன்றார். ஆதரவு தேடி வந்த ஒரு சிறுவனுக்கு இந்நகரம் நிழல் தந்தது. அந்நிழலில் வளர்ந்த மரத்தின் கனியையே தமிழுலகம் பஞ்சகாலத்தில் உண்டது. பிழைப்பைத் தேடி இங்கு வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இது பெருமை மட்டுமன்று, ஆறுதலும் ஆகும்.

படம் வெளிவந்து மூன்று திங்களும் நிறையுமுன் கதை வேறு திசையில் திரும்பியது. ஒரு கொலை வழக்கில் பாகவதரும், அப்படத்தில் நகைச்சுவை நடிகராய்த் திகழ்ந்த என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். குற்றவாளிகள் அல்லர் என்று 1947இல் விடுதலை பெறும்வரை இருவரும் சிறையில் இருந்தனர். பாடியவர் சிறைக்குள், பாட்டோ வெளியே! சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அரிசிக்கு வரிசையில் நின்ற மக்களே சீட்டு வாங்கவும் வரிசையில் நின்றனர்.

பசித்த வயிற்றுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. அப்பாடல்கள் ஒரு படி அரிசியும் தரவில்லை. பங்கீட்டுக் கடையின் வரிசையைக் குறைக்கவும் இல்லை. ஆயினும், பெற்றோரைப் பிரிந்து போர்க்களத்திலும் தோட்டங்களிலும் கிடந்த பிள்ளைகள் எத்தனை பேர்! மகன் திரும்புவானா என்று வழிபார்த்திருந்த தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் தம் துயரைச் சொல்லத் தமக்கென ஒரு சொல்லும் ஒரு மெட்டும் பெற்றனர் என்றே நாம் கருதுகிறோம். துயரத்தைப் பாட்டு நீக்குவதில்லை. அதனைத் தனிமையிலிருந்து மீட்கிறது.

இனி ஒன்றைத் தயக்கத்தோடு சொல்லி அமைகிறோம். நம் வீட்டுக் குழந்தைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் நன்கு கற்கின்றனர், அது மகிழத்தக்கதே. ஆனால் தமிழ்ப் பாட்டைச் செவியால் அறியும் பிள்ளைகளுள் அதனை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பஞ்சமும் போரும் சிறையும் அழிக்க இயலாத இசையை நம் கவனக்குறைவு அழித்துவிடலாகாது. ஆகவே, அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஒவ்வோர் இல்லத்திலும் தாத்தாவோ பாட்டியோ தாம் விரும்பும் பழம்பாடல் ஒன்றைச் சொல்ல, பேரனோ பேத்தியோ அதனைத் தமிழெழுத்தில் தம் கைப்பட எழுதட்டும். அவ்வேடுகளை இம்மேடையில் வைத்து நாம் பாடுவோம்.

ஒன்பது வயதுச் சிறுவனாய் இவ்வூருக்கு வந்த சிவனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.