பிக்கப் வாங்கறதுக்கு முன்னாடி: காந்தமா, காயிலா?

இந்த வாரம் அரியலூர்ல இருந்து ஒரு கேள்வி. காலேஜ் படிக்கிற தம்பி, திருவிழா ஆர்கெஸ்ட்ராவுல எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். கிட்டார் விலை கம்மி, சத்தம் மந்தமா இருக்கு, மேடையில ஒரே இரைச்சல். "வாசிச்சுச் சேர்த்த காசுல அல்நிகோ காந்தம் போட்ட, அதிக கிலோ ஓம் உள்ள பிக்கப் வாங்கட்டுமாண்ணா?"ன்னு கேக்குறான். அந்தக் காசு வீணாகக் கூடாது. அதனால கொஞ்சம் பொறுமையாவே பார்ப்போம்.

நான் பெரம்பலூர்க்காரன். எங்க பக்கம் விவசாயத்துல போர்வெல்லும் உண்டு. மோட்டார் எரிஞ்சா காயில் கட்டுற கடைக்குத் தூக்கிட்டுப் போவோம். அங்க வேலை பார்க்கிறவர்கிட்ட பிக்கப்பைக் காட்டினா பாதி அவருக்கே புரிஞ்சிடும்: இனாமல் பூசின செம்புக் கம்பி, இத்தனை சுத்து, நடுவுல காந்தம். கம்பிதான் ரொம்ப மெலிசு. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியான பிக்கப்ல 0.063 மில்லிமீட்டர் கம்பியை ஏறக்குறைய 8,000 சுத்து சுத்தியிருப்பாங்க.

வேலை செய்யற விதம் எளிமை. காந்தம், மேல இருக்கிற எஃகுத் தந்தியையும் காந்தமாக்குது. தந்தி அதிரும்போது காயிலுக்குள்ள காந்தப்புலம் மாறுது, மின்சாரம் பிறக்குது. அதனாலதான் நைலான் தந்தி போட்ட கிட்டார்ல இந்த பிக்கப் ஊமை.

சரி, டோனை முடிவு பண்றது யாரு? பெரும்பங்கு காயில்தான். காயிலுக்கு இண்டக்டன்ஸ் இருக்கு. காயிலுக்கும் கேபிளுக்கும் சேர்த்து கெப்பாசிட்டன்ஸ் இருக்கு. ரெண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும், அதுக்கு மேல உள்ளதை வெட்டிடும். கணக்கு போட்டா, 2.5 ஹென்றி காயிலும் 500 பிக்கோஃபாரடும் சேர்ந்தா அந்த உச்சம் சுமார் 4,500 ஹெர்ட்ஸ். சத்தம் பளிச்சுன்னு இருக்கும். சுத்தைக் கூட்டி 5 ஹென்றி ஆக்கினா, சுமார் 3,200க்கு இறங்கிடும். சத்தம் கனமாகும், கூர்மை போயிடும்.

இப்போ தம்பி கேட்ட அந்தக் கிலோ ஓமுக்கு வருவோம். அது கம்பியோட மின்தடை மட்டும்தான். மெலிசான கம்பியைச் சுத்தினாலே எண் ஏறிடும். அதே கம்பியில சுத்து கூடி எண் ஏறியிருந்தா, ஏற்கனவே மந்தமா இருக்கிற கிட்டார் இன்னும் மந்தமாகும். அதாவது தம்பி தேடுறதுக்கு நேர் எதிர்.

காந்தத்துக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. அல்நிகோங்கிறது அலுமினியம், நிக்கல், கோபால்ட்டோட இரும்பும் சேர்ந்த கலவை. அல்நிகோ 2 கொஞ்சம் மென்மை, 5 அதைவிட வலு. செராமிக் விலை குறைவு, பிடிப்பு அதிகம். மாறுறது முக்கியமா சத்தத்தோட அளவும், மீட்டின உடனே வர்ற அந்த அடியும். ஆனா பிடிப்பு எல்லை மீறினா காந்தம் தந்தியையே இழுக்கும். நாதம் சீக்கிரம் அடங்கும், சுருதியும் பிசகும். மாண்டலின் ஸ்ரீனிவாஸை நினைச்சுப் பாருங்க. ஜோடித் தந்திகளை விட்டுட்டு, ஐந்து ஒற்றைத் தந்தி உள்ள எலக்ட்ரிக் மாண்டலின்ல கர்நாடக சங்கீதம் வாசிச்சார். கமகத்துக்கு நாதம் நீண்டு நிக்கணும். அந்த மாதிரி வாசிப்புல தந்தியை இழுத்துப் பிடிக்கிற காந்தம் எதிரி.

அடுத்து இரைச்சல். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒற்றைக் காயில், தந்தியோட சேர்த்து டிரான்ஸ்ஃபார்மரையும் சீரியல் லைட்டையும் கேக்கும். கிப்சன் கம்பெனியில இருந்த சேத் லவர் 1955ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்ச ஹம்பக்கர், இதுக்குத்தான் ரெண்டு காயில் வெச்சுது. சுத்தும் எதிர், காந்த துருவமும் எதிர். வெளியிலிருந்து வர்ற இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். தந்தியோட சத்தம் மட்டும் கூடும்.

அதனால தம்பி, வரிசை இதுதான். முதல்ல ஸ்க்ரூடிரைவர் எடு. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடி. தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவுல 2 மில்லிமீட்டருக்குக் குறையாம இடைவெளி வை, அங்கிருந்து காதால கேட்டுக் கேட்டு ஏத்தி இறக்கு. ரெண்டாவது, நீளமான கேபிளை விட்டுட்டுச் சின்னதாப் போட்டுப் பாரு. கெப்பாசிட்டன்ஸ் குறையும், சத்தம் தெளியும். மூணாவது, மேடையில நின்ன இடத்துலயே உடம்பைத் திருப்பிப் பாரு. ஒரு கோணத்துல இரைச்சல் குறையும். நாலாவது, சத்தத்தைக் கூட்டினா பிக்கப் 'கீ'ன்னு கத்துதுன்னா காயில் தளர்ந்திருக்கு. மோட்டார் காயிலுக்கு வார்னிஷ் ஊத்துற மாதிரி, பிக்கப்புக்கு மெழுகு ஊத்துவாங்க.

இவ்வளவும் பண்ணி இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தா, ஹம்பக்கர் வாங்கு. மந்தம் மிச்சம் இருந்தா, சுத்து குறைஞ்ச காயில் வாங்கு. கடையில இண்டக்டன்ஸ் எவ்வளவுன்னு கேளு. கிலோ ஓமை மட்டும் சொல்றவர்கிட்ட அவசரப்படாதே. செஞ்சு பார்த்துட்டு முன்னும் பின்னும் ரெக்கார்ட் பண்ணி அனுப்பு, அடுத்த எபிசோடுல எல்லாரும் கேப்போம்.