துணி, மிளகு, தேயிலை

செபராங் ஜெயாவிலிருந்து பாலம் ஏறிப் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகும் அன்பர்களுக்கு இன்று ஒரு பழைய வியாபாரக் கணக்கு.

சுமத்ராவின் அச்சேயில் மிளகு விளைவிப்பவருக்குத் துணி வேண்டும். நாகப்பட்டினத்துப் பக்கம் துணி நெய்பவருக்கு அவ்வளவு மிளகு எதற்கு? கான்டனில் இருக்கும் சீன வணிகருக்கு மிளகும் வெள்ளீயமும் வேண்டும். அவரிடம் இருப்பது தேயிலை. தேயிலைக்கு ஏங்குபவரோ லண்டனில். இவர்களில் இருவரை மட்டும் உட்கார வைத்தால் பேரம் படியாது. எல்லாரையும் ஒரே வட்டத்தில் சேர்த்தால் படியும்.

1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கில் துறைமுகம் அமைத்து, தொடக்கத்தில் சுங்கவரியும் இல்லை என்றதும், அந்த வட்டம் இங்கே வலுப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணி கொண்டுவந்தார்கள். கிழக்கே போன கப்பல்களில் வங்காள அபினும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இதில் மிகக் கடினமானது காலம். துணி இன்று கைமாறும். மிளகு அறுவடைக்குப் பிறகுதான் வரும். பருவக்காற்று திரும்பும்வரை கப்பலும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கியது கடன். கடனைத் தாங்கியது வணிகரின் நாணயம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர் காதர் மொகிதீன் இங்கே தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக, கப்பித்தான் கெலிங்காக உயர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

கடன் இங்கே தொடங்கவும் இல்லை. நெசவாளருக்கு நூல் வாங்க முன்பணம் தரவேண்டும். கப்பல் புறப்படும் முன்பே, தமிழகத்துத் தறியில் கணக்கு ஆரம்பித்துவிடும்.