சங்கு ஊதிய பிறகு யார் வருவார்?



போர்க்காலத்தில் நகர மக்களின் நலத்தைக் காப்பது நவீனக் கருவிகளே என்று அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அவர் காட்டிய சாட்சி, உக்ரைன் தலைநகரம் கீவ். சரி, அங்கேயே போவோம். 2021-இல் கீவ் மாநகராட்சி கைபேசிக்கு ஒரு செயலி தந்தது. டிக்கெட் எடுக்க, வண்டி நிறுத்தக் காசு கட்ட. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் அதே செயலி, "தாக்குதல் வருது, பதுங்குமிடம் இங்கே இருக்கு"ன்னு சொல்ல ஆரம்பிச்சுது. நல்ல வேலைதான். நான் மறுக்கலை.

ஆனா, அந்த அக்டோபரிலேர்ந்து மின் நிலையங்கள் மேலே ஏவுகணை விழுந்துதே! கரண்ட் போச்சு. லிஃப்ட் நின்னுது. ஒன்பதாவது மாடியில இருக்கிற பாட்டிக்குச் செயலி வழி சொல்லும். கையைப் பிடிச்சு இறக்கி விடுமாய்யா? பக்கத்து வீட்டுக்காரர்தானே வரணும்! (கைதட்டல்)

இன்னொரு ஊர் கார்கிவ். ரஷ்ய எல்லை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சில நேரம் குண்டு விழுந்த பிறகுதான் அங்கே சங்கே ஊதும்! அந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் கொரோனாவால், அப்புறம் போரால், வருஷக்கணக்கில் கணினித் திரையிலேயே பாடம் படித்தார்கள். கருவி இருந்தது. இணையம் இருந்தது. வாத்தியாரும் இருந்தார். அதுவே போதும்னா அந்த ஊர் என்ன செஞ்சிருக்கணும்? சும்மா இருந்திருக்கணும்.

இருந்ததா? 2023 செப்டம்பரில் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள்ளே 60 வகுப்பறைகள் போட்டாங்க. 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பூமிக்கடியில் படிக்கப் போனார்கள். 2024 மே மாதம் பூமிக்கடியிலேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டித் திறந்தார்கள். எதுக்கு இத்தனை பாடு? திரையில பாடம் வரும். பென்சில் கடன் கேட்க ஒரு சிநேகிதன் வருவானா?

"அதுவும் நகரத் திட்டம்தானே"ன்னு எதிரணி கேட்கும். ஆமாங்க, திட்டம்தான். ஆனா அந்தத் திட்டம் யாருக்கு முன்னால கைகட்டி நிக்குது? பிள்ளைக்குப் பிள்ளை துணை வேணும்கிற மனசுக்கு முன்னால!

கருவி வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை. அதோட, மக்கள் சேர்ந்து உட்கார ஓர் இடமும் கட்டி வையுங்க. அபாயத்தைச் சொல்வது கருவி. அதைத் தாங்க வைப்பது உறவு. மனித உறவே என்று தீர்ப்பளிக்க வேண்டி விடைபெறுகிறேன்.