தசைநோவும் மூலிகைக் குளிசையும்



விளையாட்டுப் போட்டிக்காலம் வந்துவிட்டால் நம் வாலிபரிடையே ஒரு முறைப்பாடு எழுவது வழக்கம். பல மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஓடியும் பாரந்தூக்கியும் விடுகிறோம். அன்று ஒன்றும் தெரிவதில்லை. மறுநாட் காலை படியிறங்க முடியாமல் தொடை நோகின்றது. உடனே ஒருவர் மஞ்சட் குளிசை வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் அமுக்கிராத் தூளைக் காட்டுகிறார்.

இந்நோவு லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருவதென்று நம்மிற் பலர் பள்ளிக்கூடத்திலே கேட்டிருக்கிறோம். அது சரியன்று. அவ்வமிலம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் நீங்கிவிடும். நோவோ 24 முதல் 72 மணித்தியாலத்திலேதான் உச்சமடைகின்றது. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது, அதாவது மலையிறங்கும்போதும் தூக்கிய பாரத்தை மெல்லத் தாழ்த்தும்போதும், நார்களில் நுண்ணிய சிதைவு உண்டாகின்றது. அமெரிக்கரான தியடோர் ஹஃப் 1902ஆம் ஆண்டிலேயே இவ்வாறு எழுதினார். பழுதானதை அகற்றிப் புதுப்பிக்க வெண்குருதிக் கலங்கள் அங்கே திரள்கின்றன. அழற்சி என்பது இவ்வேலையே. அதை முற்றாய் அடக்குவது நன்றன்று. 2018இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், 8 வாரம் நாடோறும் 1200 மில்லிகிராம் இபுபுரொபன் உட்கொண்டு பயிற்சி செய்த இளைஞரின் தொடைத்தசை, சிறிதளவு அஸ்பிரின் உட்கொண்டோருக்கு வளர்ந்ததிற் பாதியளவே வளர்ந்தது.

மூலிகையில் பயனே இல்லையா என்று பெரியோர் கேட்பர். உண்டு, ஆனால் அளவோடு. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2 கிராம் இஞ்சி 11 நாள் உட்கொண்டோருக்கு நோவு ஏறக்குறையக் கால்வாசி குறைந்தது. மஞ்சளின் சத்தாகிய குர்குமின் பற்றியும் சில சிறு ஆய்வுகள் சாதகமாக உள்ளன. ஆயின் மஞ்சட்டூளில் அது ஏறக்குறைய 3 வீதமே. அதுவும் எளிதில் இரத்தத்திற் சேராது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கூட்டினால் சேர்மானம் 20 மடங்கு உயர்வதை 1998இல் பெங்களூரில் கண்டனர். நம் வீட்டுச் சரக்கிலும் மஞ்சளோடு மிளகு அரைபடுவதுண்டு. முன்னோர் இதை அறிந்தே செய்தனர் என்று மார்தட்ட வேண்டியதில்லை.

கறிக்கு இடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய குளிசை வேறு. மஞ்சட் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப்பற்றி அமெரிக்க வைத்தியர் 2022இல் அறிவித்தனர். அவர்களில் ஒருவர் இறந்தார். அமுக்கிராவை டென்மார்க் 2023இல் தடைசெய்தது. குருதி உறையாமைக்கு மருந்தெடுக்கும் பெரியோர் வைத்தியரைக் கேளாமல் மஞ்சட் குளிசையைத் தொடலாகாது.

வாலிபருக்கு ஒன்று சொல்வோம். பயிற்சியைச் சிறிதாய்த் தொடங்குங்கள். ஒருமுறை நொந்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே பயிற்சிக்கு அவ்வளவாய் நோவதில்லை. நோவோடு வீக்கம் மிகுந்து, சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்தால், குளிசையும் எண்ணெயும் தேடாது அன்றே ஆசுபத்திரிக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கத் தொடங்கியிருக்கலாம்.