பூட்டை மாற்றினால் மூடியதாகுமா?



பயங்கரவாதச் சந்தேகத்தில் ஆட்களை அடைத்துவைக்கும் முகாம்களை மூடுவது பற்றிய கருத்தரங்கு என்றதும் உங்களில் பலருக்குக் குவாண்டனாமோ நினைவுக்கு வந்திருக்கும். 2009 ஜனவரியில், ஓராண்டுக்குள் அதை மூட வேண்டும் என்று ஒபாமா கையெழுத்திட்டார். 2025 ஜனவரியிலும் அங்கே 15 பேர் இருந்தார்கள். எதிரிகள் அல்லர் என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்ட உய்குர்களை ஏற்க ஆளில்லாமல் அல்பேனியா, பெர்முடா, பலாவ் என்று நாடு நாடாகக் கேட்டு அலைந்தது அந்த வல்லரசு.

அவ்வளவு தூரம் போவானேன்? வேலூர்க் கோட்டை இருக்கிறது. திப்புவின் பிள்ளைகளை வெள்ளைக்காரன் வைத்திருந்த இடம். கண்டியின் கடைசி மன்னன் 1832இல் சிறைக்காவலிலேயே கண்மூடிய ஊர். அந்தக் கோட்டையில்தான் 1990களில் ஈழத் தமிழருக்கான 'சிறப்பு முகாம்' இருந்தது. 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டி 43 பேர் தப்பினார்கள். இன்று அங்கே முகாம் இல்லை. ஆனால் செங்கல்பட்டு, பூந்தமல்லி, திருச்சி என்று விலாசம்தான் மாறிக்கொண்டே வந்தது.

இவற்றில் காவல் போலீசுடையது, இராணுவத்தினுடையது அல்ல. காகிதத்தில் இவை சிறையும் அல்ல. 2025 வரை நடைமுறையில் இருந்த 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டப்படி 'இன்ன இடத்தில் தங்க வேண்டும்' என்று ஓர் அரசாணை, அவ்வளவுதான். கைதிக்குத் தண்டனைக் காலம் என்று ஒன்று உண்டு. முகாம்வாசிக்கு அதுவும் கிடையாது. நீதிமன்றத்தில் ஜாமீன் வாங்கியவர் சிறை வாசலைத் தாண்டியதும் முகாம் வண்டியில் ஏறியிருக்கிறார்.

2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆறு பேரை விடுவித்தது. அவர்களில் இலங்கையரான நால்வர் போய்ச் சேர்ந்தது திருச்சி மத்திய சிறை வளாகத்துச் சிறப்பு முகாமுக்கு. அந்த நால்வரில் ஒருவரான சாந்தன், தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போக அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். அவர்களில் முருகன் போக விரும்பியது மகள் இருக்கும் லண்டனுக்கு.

எனவே 'உடனே மூடு' என்று முழங்குபவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மூடிவிட்டு எங்கே அனுப்புவீர்கள்? அஞ்சி ஓடிவந்த இடத்துக்கே அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்தால், அதற்குப் பெயர் மூடுவதா?

அவசரப்படக் கூடாது என்று அரசுகளும் சொல்கின்றன. நேற்று மாலை இங்கே பீங்கான் பட்டறை ஒன்றில் எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அணைத்த சூளைக்குள் கொலு பொம்மைகள். பார்க்கலாமா என்றேன். "இப்பத் திறந்தா விரிசல் விட்டுடும் சார். காலையில எட்டு மணிக்கு வாங்க" என்றார் சூளைக்காரர். பொறுக்கச் சொன்னவர் நேரத்தையும் சொன்னார். முகாம் அதிகாரி யாரும் அப்படி ஒரு மணியைச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடைபட்டவர்களைப் பற்றி எழுதும்போது எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொருவரும் உள்ளே வந்த தேதியையும், வழக்கு முடிந்த தேதி இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். முதல் அமர்வு வேலூர் பற்றியது. தொடங்கலாம்.