பனியை எறியும் திசை



பனி என்றவுடன் நம்மவர் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டிமார் சொன்னதும் அந்தப் பனியைப் பற்றியே. வேலையின் பொருட்டுச் சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் லேயிலும் குடியேறிய நேயர்கள் வேறொரு பனியை அறிவார்கள். கதவைத் திறந்தால் முழங்கால் அளவுக்கு அது நிற்கும். அதை அகற்றினாலன்றி அன்றைய நாள் தொடங்காது. இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே சொல் வழங்குவது, மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு நெடுநாளைய தொல்லை. வெண்பனி என்று எழுதி ஒருவாறு ஒப்பேற்றி வருகிறேன்.

அந்த வெண்பனியை வாரி எறியும் ஓர் இயந்திரத்தையும், அதில் செய்யப்பட்ட சிறிய திருத்தம் ஒன்றையும் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். என் தமக்கையின் மகன் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஒட்டாவா நகரத்துக்கு அப்பால் நாட்டுப்புறத்தில் வசிக்கிறான். தமக்கையும் அவனோடுதான் இருக்கிறாள். விடுப்பெடுத்துக்கொண்டு சென்ற மாசியில் நான் அங்கே போயிருந்தேன். ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் பனி பொழியும் வட்டாரம் அது. வீட்டிலிருந்து பொதுச்சாலையை அடைய ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள பாதை. அந்தப் பாதையைத் துடைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. நகரசபை வண்டி வராது.

அவனிடம் ஒரு பழைய சிறு டிராக்டர் இருக்கிறது. அதன் பின்புறம் பனிவாரி இணைக்கப்பட்டிருக்கும். டிராக்டரின் எஞ்சினிலிருந்து பின்பக்கமாக ஒரு தண்டு நீண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும். அந்த விசையால் பனிவாரியின் முகத்திலுள்ள பெரிய திருகுச் சுருள் பனியை நடுவுக்கு இழுக்கிறது. அதன் பின்னுள்ள விசிறிச் சக்கரம் அதை அடித்து மேல்நோக்கி எறிகிறது. எறியப்பட்ட பனி, யானை துதிக்கையைத் தூக்கி வளைத்தாற்போல் நிற்கும் ஒரு குழாயின் வழியே வெளியேறும். அங்குள்ளவர்கள் அதைச் 'சூட்' என்கிறார்கள். ஏரியின் நீர் வெளியேறும் வாய்க்கு நாம் வைத்திருக்கும் தூம்பு என்ற பெயர் இதற்கும் பொருந்தும் என்றேன். மருமகன் சிரித்தான், ஆயினும் இரண்டு நாளில் அவனே தூம்பு என்று சொல்லத் தொடங்கிவிட்டான்.

இவ்வகை இயந்திரத்தின் பூர்வீகமும் கனடாதான். 1869-ல் டொராண்டோவைச் சேர்ந்த எலியட் என்ற பல் வைத்தியர், ரயில் பாதைக்கான சுழற்பனிவாரி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பல் வைத்தியருக்குப் பனியில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது. துளைத்துச் சுத்தம் செய்யும் தொழில்தானே இரண்டும்! ஆரஞ்ச் ஜல் என்பவர் பின்னர் அக்கருத்தை வளர்த்தார். சாலைக்கான பனிவாரியைக் கியூபெக் மாகாணத்து ஆர்தர் சிகார் 1925-ல் செய்து முடித்தார். மாண்ட்ரியாலை அடுத்த ஊட்ரமோன் நகரம் 1927-ல் அதை விலைக்கு வாங்கிற்று. சிகாரின் அந்த முதல் வண்டியிலேயே திருப்பக்கூடிய தூம்புகள் இரண்டு இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. பனியை எடுப்பது பாதி வேலை. எங்கே போடுவது என்பது மீதிப் பாதி. இதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருக்கிறார்.

மருமகனுடைய தொல்லையும் அந்த மீதிப் பாதியில்தான் இருந்தது. பாதையின் ஒரு பக்கம் வயல். மறுபக்கம் அண்டை வீட்டாரின் வேலியும் மோட்டாரும். காற்று மேற்கிலிருந்து வீசினால், எறிந்த பனி முழுவதும் திரும்பி எறிந்தவன் முகத்திலேயே விழும். சாலை முனையை அடைந்தால் பனியைச் சாலையில் எறிதல் ஆகாது. ஒண்டாரியோவில் அது சட்டப்படி குற்றம். ஆகவே ஒரு முறை பாதையைத் துடைப்பதற்குள் தூம்பைப் பலமுறை திருப்ப வேண்டும். திருப்புவதற்கு இருந்ததோ, ஆசனத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் ஒரு திருகுப் பல்லிணை அசைந்து தூம்பை மெல்லத் திருப்பும். டிராக்டரையோ பின்னோக்கி ஓட்ட வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறுகையால் பனிவாரியை ஏற்றி இறக்கும் நெம்புகோலை இயக்குபவனுக்குக் கைப்பிடியைச் சுற்ற மூன்றாவது கை ஏது?

இதையெல்லாம் வெறும் அசௌகரியம் என்று பொறுத்திருக்கலாம். அதற்கு முந்திய ஆண்டுத் தை மாதத்து இரவு ஒன்றில் நிகழ்ந்ததைத் தமக்கைதான் எனக்குச் சொன்னாள். தூம்பின் அடியில் பனி இறுகிக் கைப்பிடி அசைய மறுத்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்புவதற்குச் சோம்பி, தண்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே அவன் கீழே இறங்கி, மண்வெட்டிப் பிடியால் தூம்பைத் தட்டியிருக்கிறான். ஆசனத்தை விட்டு எழுந்தவுடன் எஞ்சினை நிறுத்தும் காப்பு அந்தப் பழைய டிராக்டரில் கிடையாது. தண்டின் மேலுறையும் எப்போதோ உடைந்து போயிருந்தது. கழுத்திலிருந்த கம்பளித் துண்டின் நுனி தண்டில் பட்டது. நிமிடத்துக்கு 540 என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. ஐயோ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது சுற்று! துண்டைத் தளர்வாகப் போட்டிருந்தபடியால் அது மட்டும் உருவிக்கொண்டு போயிற்று. முடிச்சிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தமக்கை சொல்லவில்லை. ஜன்னலருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

மறுநாளே அவன் தண்டுக்குப் புதிய மேலுறை வாங்கிப் போட்டான். முதற்காரியமாகச் செய்யத்தக்கது அதுவே. அதன் பிறகுதான், ஆசனத்தில் அமர்ந்தபடியே தூம்பைத் திருப்ப வழி தேடினான்.

டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயைக் கொண்டு சுழலும் மோட்டாரைச் சிலர் பொருத்துகிறார்கள். வலிமை மிக்கது, நனைந்தாலும் கெடாது. ஆயின் அதற்கென ஒரு வால்வும் இரண்டு குழாய்களும் வேண்டும். எண்ணெயின் ஓட்டத்தை மட்டுப்படுத்தாவிட்டால் தூம்பு கண் மூடித் திறப்பதற்குள் சுழன்று அடிக்கும். கடுங்குளிரிலோ எண்ணெய் தடித்து எல்லாம் மந்தமாகும். அவனது சிறு டிராக்டரில் உபரி வால்வு இல்லாமையால் மின்சாரத்தை நாடினான்.

உடைந்த மோட்டார் வண்டியொன்றின் வைப்பர் மோட்டார் மலிவாகக் கிடைத்தது. மெதுவாகச் சுழன்று மிகுந்த வலிமை தருவது. 12 வோல்ட் பாட்டரியில் இயங்குவது. பொருத்தினான், தூம்பு ஒரு பக்கம் அழகாகத் திரும்பிற்று. மறுபக்கம் திருப்ப முனைகளை மாற்றியவுடன் ஃபியூஸ் எரிந்தது. மறு ஃபியூஸும் எரிந்தது. வைப்பர் மோட்டார் பலவற்றில் மின்சாரத்தின் ஒரு முனை அதன் உலோக உடலோடே இணைந்திருக்கும். உடல் டிராக்டரின் இரும்பைத் தொடுகிறது. அந்த இரும்போ பாட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்தது. முனைகளை மாற்றினால் நேர்முனை நேரே இரும்பில் பாயும். ஃபியூஸ் எரியாமல் என்ன செய்யும்? மழைநீரைத் துடைக்கும் மோட்டாருக்குத் திரும்பிச் சுழல வேண்டிய தேவையே இல்லை. அப்படிச் செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இரு முனைகளும் உடலினின்று தனித்திருக்கும் மோட்டார் ஒன்றைப் பிறகு வாங்கினான். பழைய திருகுப் பல்லிணையை அவன் அகற்றாமல் விட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திருகு பல்லைச் சுழற்றும்; பல் திருகைச் சுழற்றாது. ஆகையால் எவ்வளவு அதிர்ந்தாலும் தூம்பு விட்ட இடத்தில் நிற்கும். மோட்டாருக்கு நிறுத்தி வைக்கும் வேலை இல்லை. தூம்பு கடைசி எல்லையை அடைந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்க இரு பக்கமும் லிமிட் சுவிட்சுகள் வைத்தான். துண்டித்தது துண்டித்தபடியே நின்றால் தூம்பு திரும்பி வராதல்லவா? எனவே ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு டையோடு. அது திரும்பி வரும் திசைக்கு மட்டும் வழி விடும். எல்லைக்கு எல்லை திரும்ப எட்டு நொடி ஆகிறது. இன்னும் வேகமானால் குறி தப்பும். மந்தமானால் அண்டை வீட்டாரின் மோட்டார் மேல் பனி விழுந்த பிறகே தூம்பு வயலைப் பார்க்கும்.

சுவிட்சை வலக்கைக்கு எட்டும்படி நெம்புகோலின் தலையிலேயே அமைத்தான். அங்கேதான் மொழிபெயர்ப்பாளனுக்கும் ஒரு வேலை வந்தது. இடம், வலம் என்று தமிழில் எழுதி ஒட்டித் தரும்படி கேட்டான். எழுதிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது இடம் என்று தள்ளினால் தூம்பு அவன் கண்ணுக்கு வலப்புறம் போயிற்று. பின்னோக்கிப் பார்ப்பவனுக்கு டிராக்டரின் இடம் வலமாகிவிடுகிறது! வயல், வீடு என்று மாற்றி எழுதினேன். பாதையில் அது சரியாக இருந்தது. வீட்டு முற்றத்தில் டிராக்டரை நாற்புறமும் திருப்பும்போது தவறிற்று. இறுதியில் சீட்டுகளைக் கிழித்தெறிந்து, திரும்பிப் பார்ப்பவனின் கண்ணுக்கேற்ப இரண்டு கம்பிகளை இடம் மாற்றினோம். சொல்லால் தீராதது கம்பியால் தீர்ந்ததில் எனக்குச் சற்று வருத்தந்தான்.

மோட்டார் வந்த பின்னும் பனி இறுகுவது நிற்கவில்லை. இறுகிய தூம்பை மோட்டாரால் வலிந்து திருப்பினால் பல் உடையும். ஆதலால் வேலை முடிந்ததும் பனிவாரியைச் சிறிது நேரம் வெறுமே ஓட்டி, தூம்பை இரு பக்கமும் திருப்பி உதறிய பின்பே அவன் நிறுத்துகிறான். அப்படியும் அடைத்துக்கொண்டால் தண்டை விலக்கி, எஞ்சினை அணைத்து, சக்கரம் ஓய்ந்ததைப் பார்த்த பிறகே இறங்குகிறான். கையை விடுவதில்லை, அதற்கென ஒரு மரக்கோல் டிராக்டரிலேயே கட்டியிருக்கிறது. மோட்டார் பழுதானால் உதவட்டும் என்று பழைய கைப்பிடியையும் கழற்றி ஆசனத்தின் கீழ் வைத்திருக்கிறான்.

நான் புறப்படுவதற்கு முந்திய நாள் இரவு 30 சென்டிமீட்டர் பனி விழுந்தது. விடியுமுன் அவன் பாதையைத் துடைக்கப் போனான். தமக்கை வழக்கம்போல் ஜன்னலருகே நின்றாள். விளக்கொளியில் பனி வயல் பக்கம் வளைந்து விழுந்துகொண்டிருந்தது. வேலி வந்ததும் தாழ்ந்து திரும்பிற்று. சாலை முனையில் மறுபடியும் வயலுக்குப் போயிற்று. அவன் ஒரு முறையும் ஆசனத்தை விட்டு இறங்கவில்லை. சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, காப்பி போடுவதற்காக அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.